நடக்கிற வேகம் இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது? டெல்டா ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் சாலை, பஸ் ஸ்டாண்டு வேலைகளுக்காக ஆள் நடமாட்டத்தை அளப்பது என் தொழில். டேப்பும் சாக்பீஸுமாக ரோட்டோரம் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருவர் நின்று, "என்ன சார் எழுதுறீங்க, ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களா?" என்று கேட்பார். நடக்கிற வேகத்தை எழுதுகிறேன் என்றால் அடுத்த கேள்வி வரும். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

சராசரியாக மனிதர் எவ்வளவு வேகத்தில் நடப்பார்?

தடையில்லாத சமதளத்தில், அவசரமும் சுமையும் இல்லாமல் நடந்தால் வினாடிக்கு 1.3 மீட்டர் சுற்று வட்டாரம். மணிக்கு ஏறக்குறைய 4.7 கிலோமீட்டர். பல நாட்டு அளவீடுகளைத் திரட்டி 1990களில் சுவிட்சர்லாந்தின் போக்குவரத்து ஆய்வாளர் வைட்மன் சொன்ன சராசரி 1.34. அதற்கு முன் அமெரிக்காவில் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1971இல் வெளியிட்ட கணக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நின்றது.

நம் ஆட்களுக்கு இது புதிய யோசனை அல்ல. நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்தில் நடந்து போகிற தூரத்துக்கு நாழிகைவழி என்று பெயர் வைத்திருந்தார்கள். மேலே சொன்ன வேகத்தில் கணக்குப் போட்டால் அது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். நடையையே அளவுகோலாக வைத்துத் தூரம் சொன்ன ஊர் இது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

அப்படியென்றால் அந்த ஓர் எண்ணை வைத்தே எல்லாவற்றையும் கட்டிவிடலாமே?

கட்டிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். கும்பகோணம் ரயில் நிலையத்தில் இறங்கும் ஒருவரைக் கவனியுங்கள். பிளாட்பாரத்தில் கூட்டத்தோடு மெதுவாக நகர்கிறார். நடைமேம்பாலப் படியில் வேகம் பாதியாகக் குறைகிறது. வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது ஏறக்குறைய ஓடுகிறார். பெரிய கடைத்தெருவில் ஊர்ந்து போகிறார். வீடு இருக்கிற சந்துக்குள் நுழைந்தபின்தான் அவருடைய சொந்த நடை திரும்புகிறது. ஆள் ஒருவர்தான், கால் மணி நேரத்தில் ஐந்து வேகம். அவர் காலில் எந்த மாற்றமும் இல்லை. வழி மாறிக்கொண்டே வந்தது.

படிக்கட்டில் எவ்வளவு குறையும்?

பாதிக்குப் பாதி. முன்னோக்கி நகரும் தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், ஏறும்போது வினாடிக்கு 0.6 மீட்டர், இறங்கும்போது 0.7 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இது நல்ல முழங்கால் உள்ளவர்களுக்கு.

சுவாமிமலையை எடுத்துக்கொள்வோம். கட்டுமலை, 60 படி, அறுபது தமிழ் வருஷங்களின் பெயர்கள். ஒரு படியின் மிதிப்பு 30 செ.மீ. என்று வைத்தால் 60 படிக்கு 18 மீட்டர். 0.6 மீட்டர் வேகத்தில் நிற்காமல் ஏறினால் அரை நிமிடம். அங்கே ஒரு காலை நேரம் உட்கார்ந்து பார்த்தால் அரை நிமிடத்தில் ஏறுகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான். மற்றவர்கள் நடுவில் நிற்கிறார்கள், வருஷப் பெயர் படிக்கிறார்கள், குழந்தையை இடுப்பு மாற்றி வைக்கிறார்கள்.

இறங்குவது சுலபம் என்று நினைப்போம். வயதானவர்களுக்கு அதுதான் கஷ்டம். ஒரு பாட்டி சுவரோரமாகத் திரும்பி, பக்கவாட்டில் ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்து, மற்றக் காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து சேர்த்து, மூச்சு விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு படியும் அவருக்கு இரண்டு அடி. அவர் கையில் அர்ச்சனைக் கூடையும் இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் மிச்சம். கைப்பிடிக் குழாய் ஒரு பக்கம் மட்டும் இருந்து, அந்தப் பக்கம் ஏறுகிறவர்கள் வந்தால் அவர் நின்றே ஆகவேண்டும்.

படியின் அளவும் முக்கியம். உயரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு மிதிப்பின் அகலத்தைக் கூட்டினால் 60 முதல் 64 செ.மீ. வரவேண்டும் என்பது பழைய கொத்தனார் கணக்கு. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ப்ளோந்தெல் என்ற கட்டடக் கலைஞர் எழுதிவைத்தது. 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. மிதிப்பு என்றால் சரியாக 60. இந்தக் கணக்கு தப்புவதைவிட மோசமானது, படிக்குப் படி உயரம் மாறுவது. இரண்டு படியில் பழகிய கால் மூன்றாவது படியிலும் அதே உயரத்தைத்தான் எதிர்பார்க்கும். ஒரு செ.மீ. மாறினாலே தடுக்கும்.

நடைமேம்பாலம் இருந்தும் ஏன் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள்?

தண்டவாளத்தைக் கடப்பது ஆபத்து, ரயில்வே சட்டப்படி குற்றமும்கூட. அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆறரை மீட்டர் உயரப் பாலத்துக்கு 15 செ.மீ. வீதம் 43 படி. ஏறுவதற்கு 22 வினாடி, இறங்குவதற்கு 19 வினாடி, மேலே 15 மீட்டர் நடக்க 12 வினாடி. மொத்தம் 53. கீழே நேராகக் கடந்தால் அதே 15 மீட்டருக்கு அந்த 12 வினாடிதான். நாலு மடங்குக்கு மேல் நேரம், அதோடு மூட்டு வலி, கையில் கட்டைப்பை. பாலம் கட்டியவர்கள் இதை மனதில் வைத்திருந்தால் படி தொடங்குகிற இடத்தையாவது ஜனங்கள் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். பிளாட்பாரத்தின் கடைக்கோடியில் படி இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

ரோட்டுக்கும் இது பொருந்தும். லாரியும் பஸ்ஸும் அடியில் போகவேண்டும் என்பதால் மேம்பாலம் ஆறு மீட்டருக்குக் குறையாது. சுரங்கப்பாதையில் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் இருந்தால் போதும், இறங்கி ஏறுவது பாதியாகிவிடும். ஆனால் நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் எங்கே இருந்தாலும் தண்ணீர் தேடி வந்து நிற்கும். மோட்டார் வைத்து இறைக்க ஆள் போடாத சுரங்கப்பாதை டெல்டாவில் மூன்று மாதம் குளம்தான். அதனால் எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் தரைமட்டத்திலேயே, சிக்னல் போட்டுக் கடக்க விடுவது நல்லது என்பது என் கட்சி.

கடைத்தெருவில் மட்டும் ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறோம்?

மூன்று காரணம் சேர்ந்து வேலை செய்கிறது. முதலாவது, பார்த்துக்கொண்டே நடப்பது. கண் கடையில் இருந்தால் கால் தானாக மெதுவாகும். அது குறை அல்ல, கடைத்தெரு இருப்பதே அதற்காகத்தான்.

இரண்டாவது, அகலம். கண்ணுக்குத் தெரிகிற அகலம் வேறு, காலுக்குக் கிடைக்கிற அகலம் வேறு. சுவரையோ கடை முகப்பையோ ஒட்டி யாரும் நடப்பதில்லை. அரை மீட்டர் அளவுக்கு விலகித்தான் நடக்கிறோம். இரண்டு மீட்டர் நடைபாதையில் சுவர்ப்பக்கம் அதை விட்டு, அப்புறம் கடைக்காரர் வெளியே வைத்த பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் அண்டாவும், அதற்கு மேல் ஈபி கம்பமும் போனால், ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற வழிதான் மிச்சம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, 2012 பதிப்பிலேயே, தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று சொல்கிறது. கடைப் பகுதியில் நின்று பார்ப்பவர்களுக்காக இன்னும் ஒரு மீட்டர் சேர்க்கவேண்டும் என்பதும் அவர்களுடைய பழைய விதி. நம் கடைத்தெருக்களில் இந்த 1.8 மீட்டர் தொடர்ந்து நூறு அடிக்குக் கிடைக்கிற இடத்தைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, ஹாரன். நடைபாதை அடைபட்டு ரோட்டில் இறங்கி நடக்கிறவர் பின்னால் பைக் வரும் ஒவ்வொரு தடவையும் நின்று, ஒதுங்கி, மறுபடி கிளம்புகிறார். தீபாவளிக்கு முந்தைய வாரம் கும்பகோணத்தில் ஜவுளி வாங்கப் போன யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ரோட்டைக் கடக்கும்போது எல்லோரும் வேகமாகத்தானே போகிறோம்? அங்கே என்ன பிரச்சினை?

இதைத்தான் நான் அதிகமாகக் கவலைப்படுகிற கேள்வி என்று சொல்வேன்.

ஆமாம், அதே ஆள் நடைபாதையில் நடப்பதைவிட ரோட்டைக் கடக்கும்போது வேகமாகப் போகிறார். பயம் தள்ளுகிறது. சிக்னலில் நடப்பவர்களுக்குப் பச்சை எத்தனை வினாடி என்று தீர்மானிக்க நம் நாட்டில் வழக்கமாக எடுத்துக்கொள்வது வினாடிக்கு 1.2 மீட்டர். அமெரிக்காவும் வெகுகாலம் அதே அளவைத்தான் வைத்திருந்தது. 2009இல் திருத்தி 1.07க்குக் குறைத்தது. வயதானவர்கள் கடந்து முடிக்கவில்லை என்பதுதான் காரணம். இங்கிலாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களை அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களின் சராசரி 0.9, பெண்களின் சராசரி 0.8. பெரும்பாலோரால் 1.2ஐத் தொடவே முடியவில்லை.

நம் ஊர் ரோட்டில் வைத்துப் பார்ப்போம். 14 மீட்டர் அகலம். 1.2 வேகத்தில் 12 வினாடி. 0.8 வேகத்தில் பதினேழரை. விளக்கு மாறும்போது அவர் இன்னும் நாலு மீட்டருக்கு மேல் ரோட்டுக்குள் நிற்பார், எதிரே பைக்குகள் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு சிக்னலில் நின்றேன். பச்சை விழுந்தது. நடைபாதைக் கல்லிலிருந்து கீழே இறங்கவே என் தோளைப் பிடித்து, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கி, வலது காலை வைத்து, நிதானித்து, இடது காலை வைத்தார். இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லை, நாலு வினாடி போய்விட்டது. அந்தக் கல் என் முழங்காலுக்குப் பாதி உயரம் இருந்தது. 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நடுவில் டிவைடரை எட்டும்போது விளக்கு மாறிவிட்டது. அந்த டிவைடரில் ஓர் ஆள் நிற்கிற அகலம்கூட இல்லை. நாங்கள் பூச்செடிக்குள் கால் வைத்து நின்றோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என் கையை மட்டும் விடவில்லை. நான் தொழிலாகச் செய்கிற கணக்கில் எதை விட்டுவிட்டோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது: நடக்கிற வேகத்தை அளக்கிறோம், கிளம்புகிற நேரத்தை அளப்பதில்லை.

அகலமான ரோட்டில் நடுவே இரண்டு பேர் நிம்மதியாக நிற்கிற திட்டு இருந்தால் 14 மீட்டர் ஒரேயடியாக இல்லாமல் ஏழும் ஏழுமாகப் பிரியும். செலவு குறைந்த, உடனே செய்யக்கூடிய வேலை அது.

சிக்னலே இல்லாத இடத்தில்?

அங்கே வேகம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. கையைக் காட்டிக்கொண்டு இரண்டு அடி, நிற்பது, மூன்று அடி, நிற்பது என்று வண்டிக்கு வண்டி இடைவெளி பார்த்துத்தான் கடக்கிறோம்.

பஸ் ஸ்டாண்டில்?

பாதிப் பேர் நிற்கிறார்கள், கால்வாசிப் பேர் ஓடுகிறார்கள், மிச்சப் பேர் போர்டு படித்துக்கொண்டே நடக்கிறார்கள். சராசரி எடுப்பதில் அர்த்தம் இல்லை. கவனிக்கவேண்டியது ஒன்றே: பஸ் பின்னால் எடுக்கிற வழியும் ஜனங்கள் குறுக்கே போகிற வழியும் ஒன்றாக இருக்கக்கூடாது.

கூட்டம் சேர்ந்தால் வேகம் எப்படிக் குறையும்?

ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்பதை வைத்துச் சொல்லலாம். வைட்மனின் சூத்திரப்படி, ஒருவர் இருந்தால் வினாடிக்கு 1.06 மீட்டர். இரண்டு பேர் என்றால் 0.6. மூன்று பேர், 0.33. நாலு பேர், 0.16. ஐந்தைத் தாண்டினால் நகர்வு நின்றுவிடும்.

இதை வேறு விதமாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு மீட்டர் அகல வாசலில் வினாடிக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள்? நெருக்கத்தை வேகத்தால் பெருக்கினால் போதும். இரண்டு பேர் நெருக்கத்தில் 1.2 பேர். நாலு பேர் நெருக்கத்தில் 0.6 பேர். அதாவது பின்னாலிருந்து நெருக்கித் தள்ளத் தள்ள, வாசலில் வெளியேறுகிறவர்கள் குறைகிறார்கள். கோயில் விசேஷத்தில் "முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று மைக்கில் கத்துவது எவ்வளவு தப்பு என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

நம் ஆட்கள் நெருங்கி நிற்கப் பழகியவர்கள் என்பதும் அளந்து பார்த்த விஷயம்தான். 2009இல் வந்த ஓர் ஆய்வில் ஜெர்மனியிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரிப் பாதையில் ஒற்றை வரிசையாக நடக்கவிட்டார்கள். நெருக்கம் கூடும்போது ஜெர்மானியர்கள் சட்டென்று வேகத்தைக் குறைத்தார்கள். இந்தியர்கள் அவ்வளவு குறைக்கவில்லை, முன்னால் போகிறவரோடு குறைந்த இடைவெளியே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. அதனால் மேலே சொன்ன எண்கள் நமக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேர் ஆகிவிட்டால் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கால் அவர் வசத்தில் இருக்காது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கும், அந்த அலை ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்.

1992 பிப்ரவரி 18, கும்பகோணம் மகாமகம். குளக்கரை நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். குளமும் அதைச் சுற்றியிருக்கிற தெருக்களும் அன்றைக்கு இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன. அடுத்த மகாமகம் 2028இல். குளத்துக்குள் இறங்குகிற படி ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு எத்தனை பேர் ஏறி வெளியேற முடியும் என்பதை முதலில் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒருவரையும் உள்ளே விடாமல் தெருமுனையிலேயே நிறுத்தவேண்டும். ஈரக்காலோடு, ஈரப் புடவையோடு படி ஏறுகிறவரின் வேகம்தான் அங்கே கணக்கு. 0.6ஐ அங்கே நம்பவே கூடாது.

தேரோட்டம், பாதயாத்திரை?

திருவாரூர் ஆழித்தேரோடு நடக்கும்போது தேர்தான் வேகம். முட்டுக்கட்டை போட்டால் வீதியே நிற்கும். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் கடைசியில் நடந்து போகிறவர்கள் குழுவாகப் போவார்கள். குழுவின் வேகம் அதில் மெதுவாக நடக்கிறவரின் வேகம். அவர்களிடம் நான் சொல்வது ஒன்று உண்டு. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக, எதிரே வருகிற வண்டி தெரிகிற மாதிரி நடங்கள். இரவில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் டார்ச் பிடியுங்கள்.

வெயிலும் மழையும் வேகத்தை மாற்றுமா?

பெரிய கோயில் கல்தளத்தில் காலை ஆறரைக்கும் மதியம் பன்னிரண்டுக்கும் நடக்கிறவர்களைப் பாருங்கள். காலையில் பிரகாரம் சுற்றுகிறவர்கள் பேசிக்கொண்டு, விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். மதியம் வெறுங்காலோடு நிழலுக்கு நிழல் ஓடுவார்கள். இதனால்தான் பல கோயில்களில் தேங்காய்நார் விரிப்பு போடுகிறார்கள், வெள்ளை பெயின்ட் அடிக்கிறார்கள். அந்த ஒரு மீட்டர் விரிப்பில் எல்லோரும் ஒற்றை வரிசையில் போவதால் அங்கே வேகம் மறுபடி குறைந்துவிடுகிறது, கல்லில் இறங்கி முந்தவும் முடியாது. மழைக்கால வரப்பு மாதிரி. வரப்பில் நடந்து பழகியவருக்குத் தெரியும்: முன்னால் போகிறவர் தாத்தா என்றால் நாமும் தாத்தா நடைதான்.

சாலையோரப் புளியமரங்களை அகலப்படுத்தும் பணிக்காக வெட்டிய இடங்களில் சித்திரை வெயிலில் நடப்பவர்களே குறைந்துவிட்டார்கள். இது அளவெடுத்துச் சொல்வது அல்ல, பல வருஷம் அந்த ரோடுகளில் உட்கார்ந்து பார்த்ததில் சொல்வது.

பெரிய ஊர்க்காரர்கள் வேகமாக நடப்பார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஊரின் மக்கள்தொகை கூடக்கூட நடை வேகமும் கூடுகிறது என்று 1976இல் ஓர் ஆய்வு பல ஊர்களில் அளந்து காட்டியது. சென்னை நடைக்குப் போட்ட கணக்கை மன்னார்குடிக்கு அப்படியே கொண்டுவரக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் நாங்களே அளக்க முடியுமா?

தாராளமாக. தரையில் பத்து மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு. போனில் ஸ்டாப்வாட்ச். முதல் கோட்டை மிதிக்கும்போது தட்டுங்கள், இரண்டாவதில் நிறுத்துங்கள். அளக்கிறோம் என்று நடப்பவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் நடை மாறும். நூறு பேரையாவது எடுங்கள். வயது, கையில் சுமை, தனியாகவா குழுவாகவா, போன் பார்த்துக்கொண்டா என்று பக்கத்தில் ஒரு குறி. குழுவாகப் போகிறவர்களும் போன் பார்க்கிறவர்களும் மெதுவாக இருப்பார்கள்.

சராசரி எடுக்கும்போது ஒரு தப்பு எல்லோரும் செய்வார்கள். பத்து மீட்டரை ஒருவர் 8 வினாடியில், இன்னொருவர் 12 வினாடியில் கடந்தார். வேகங்கள் 1.25, 0.83. அவற்றின் சராசரி 1.04. ஆனால் இருவரும் எடுத்த சராசரி நேரம் 10 வினாடி, அதன்படி வேகம் 1.0தான். நேரத்தைச் சராசரி எடுங்கள்; மெதுவாகப் போகிறவருக்கு அப்போதுதான் சரியான எடை கிடைக்கும். அப்புறம் நூறு பேரையும் மெதுவானவரிலிருந்து வரிசைப்படுத்தி பதினைந்தாவது ஆளின் வேகத்தை வட்டமிட்டு வையுங்கள்; மிச்சம் 85 பேரும் அவரைவிட மெதுவாக நடக்கிறவர்கள் அல்ல. சிக்னல் நேரம் கேட்டு மனு எழுதும்போது சராசரியை விட்டுவிட்டு அந்த எண்ணை எழுதுங்கள்.

வீட்டில் பெரியவரின் நடை வருஷா வருஷம் மெதுவாகிறது. கவலைப்படவேண்டுமா?

நான் டாக்டர் இல்லை. ஆனால் முதியோர் மருத்துவத்தில் நடை வேகத்தை ஓர் அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவில், ஆறு மீட்டர் நடையில் வினாடிக்கு ஒரு மீட்டரைவிடக் குறைந்தால் தசை பலம் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். பழைய வீடாக இருந்தால் ரேழியிலிருந்து கூடம் வரை ஆறு மீட்டர் கிடைக்கும். கோட்டுக்கு ஓரடி முன்னாலிருந்தே நடக்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள், எப்போதும் போல நடக்கச் சொல்லுங்கள், கைத்தடி இருந்தால் தடியோடே. ஆறு வினாடிக்கு மேல் ஆனால் அந்த எண்ணையும் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் தை மாதத் தாளில் அம்மாவின் எண் இருக்கிறது, எட்டேகால்.